கேட்டரிங் காலேஜ்: அடுப்பு எத்தனை, ஆள் எத்தனை?

கேட்டரிங் படிப்பு என்று நாம் பேச்சுவாக்கில் சொல்வதும் சமையல் படிப்பும் ஒன்றல்ல. பெரும்பாலான கல்லூரிகளில் கிடைப்பது ஹோட்டல் மேனேஜ்மென்ட் பட்டம். அதில் ஃபிரன்ட் ஆபீஸ், ஹவுஸ்கீப்பிங், சர்வீஸ், உணவுத் தயாரிப்பு என்று நாலு முக்கியப் பிரிவுகள். செஃப் ஆகணும்னு சேர்கிற பையன் ரிசப்ஷனில் நிற்கவும், கட்டிலுக்கு விரிப்பு போடவும் சேர்த்துத்தான் படிக்கணும். ஹோட்டல் வேலைக்கு இது நல்ல படிப்பு. சமையல் மட்டும் வேணும்னா வேற இடம் தேடணும்.

எங்க அக்கா பையன் பிளஸ் டூ முடிக்கிறான். ஒரு தனியார் கல்லூரியில் மூணு வருஷத்துக்கு ஆறு லட்சம் கேட்டாங்க. அக்கா நகையை வைக்கலாமான்னு கேட்டதால் நான் இதை நோண்ட ஆரம்பிச்சேன்.

அங்கே காட்டினது லாபி, யூனிஃபார்ம், கப்பலில் வேலை கிடைச்சவங்க படம். நான் கேட்டது ரெண்டே விஷயம்: பிராக்டிகல் கிளாஸில் ஒரு அடுப்புக்கு எத்தனை பேர்? வாரத்துக்கு எத்தனை மணி நேரம்? நாலு பேர், நாலு மணி நேரம்னு சொன்னாங்க. வருஷத்துக்கு 30 வாரம் வகுப்பு நடந்தால் 120 மணி நேரம். நாலு பேர் மாத்தி மாத்தி நின்றால் ஒருத்தன் கையில் கரண்டி இருப்பது 30 மணி நேரம். ஓட்டல் கிச்சனில் புதுசா சேர்ந்த கமி இதை மூணே நாள் ஷிஃப்டில் தாண்டிடுவான்! ஆசிரியர் செய்து காட்ட மாணவர் நோட்ஸ் எடுக்கும் டெமோ வகுப்பையும் இதில் சேர்த்துச் சொல்வாங்க. அதைக் கழிச்சுக் கேளுங்க.

இன்னொரு வழி, இண்டென்ட் நோட்டைப் பார்ப்பது. ஒவ்வொரு வகுப்புக்கும் ஸ்டோரிலிருந்து வாங்கின சாமான் அதில் இருக்கும். 40 பேருக்கு நாலு கோழி வந்திருந்தால், முழுக் கோழியை வெட்டிப் பழகினது எத்தனை பேர்னு நீங்களே கணக்குப் போடலாம். காட்ட மறுத்தா, அதுவும் ஒரு பதில்தான்.

அரசு வழியில் என்ன இருக்கு? மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் 1982ல் உருவான தேசிய கவுன்சிலின் பாடத்திட்டத்தில் ஐ.எச்.எம்.கள் நடக்கின்றன. நமக்குப் பக்கத்தில் சென்னை தரமணி. திருச்சி துவாக்குடியில் மாநில அரசின் நிறுவனம் இருக்கு. கவுன்சிலின் பி.எஸ்சி. படிப்புக்கு அகில இந்திய நுழைவுத்தேர்வு உண்டு. அதில் ஆங்கிலம், கணக்கு, ரீசனிங், பொது அறிவு எல்லாம் வரும். வெங்காயம் நறுக்கத் தெரியுமான்னு யாரும் கேட்பதில்லை. இதுவும் நாலு பிரிவுப் படிப்புதான், ஆனால் ஒரு செமஸ்டர் முழுக்க ஹோட்டலில் டிரெய்னிங். சமையலை மட்டுமே மையமா வைக்கிற பட்டம் வேணும்னா திருப்பதியிலும் நொய்டாவிலும் இந்தியன் கலினரி இன்ஸ்டிட்யூட் இருக்கு. மணிப்பாலில் கலினரி ஆர்ட்ஸ் பி.ஏ. உண்டு. காசும் காலமும் குறைவா வேணும்னா ஐ.டி.ஐ.யில் உணவுத் தயாரிப்பு டிரேட், ஒரு வருஷம். வீட்டில் கௌரவம் பார்ப்பாங்க என்பதைத் தவிர அதில் பெரிய குறை எனக்குத் தெரியலை.

கல்யாண சமையல் மாஸ்டரிடம் எடுபிடியாச் சேர்ந்து கத்துக்கிட்டவங்களும் இருக்காங்க. ஆயிரம் பேருக்கு சாம்பார் கொதிக்க வைக்கிற கணக்கு எந்த வகுப்பறையிலும் அந்த அளவுக்குக் கைக்கு வராது. ஆனா பெரிய ஹோட்டல், வெளிநாடுன்னு போனா சர்டிஃபிகேட் கேட்பாங்க. கப்பலுக்கு அதுக்கும் மேல எஸ்.டி.சி.டபிள்யூ. பாதுகாப்புப் பயிற்சி வேணும். கேட்டரிங் பட்டம் மட்டும் போதாது. கப்பல் படம் காட்டுகிற கல்லூரியில் அந்தச் செலவு யாருடையதுன்னு கேட்டுடுங்க.

பையன் நுழைவுத்தேர்வுக்கு விண்ணப்பிச்சிருக்கான். இடம் கிடைக்கலைன்னா ஐ.டி.ஐ. என்கிறான். அக்கா இன்னும் சம்மதிக்கலை. நகை இன்னும் பீரோவில்தான் இருக்கு.