வன்தட்டின் வரம்புகள்
(லினக்சுக்குப் புதியோர் பொருட்டு)

புத்தளத்து உப்பளங்களைக் கண்டிராதார் நம் கல்லூரியிற் பயின்றோருள் அரியர். பாலாவிப் பக்கஞ் செல்வோர் களப்புநீர் பாத்தி பாத்தியாகக் கட்டுண்டு கிடப்பதைக் காண்பர். நிலம் ஒன்றே, வரம்பிட்டுப் பிரித்தமையால் ஒரு பாத்தியில் நீர் செறிகின்றது, பிறிதொன்றில் உப்பு விளைகின்றது. கணினியின் வன்தட்டைப் பிரிவிடுதலும் ஏறக்குறைய இத்தகையதே.

தமிழாசிரியருக்கு இவ்வாராய்ச்சி எதற்கு என வினவுவாரும் உளர். 2025 ஒக்டோபர் 14ஆம் நாளுடன் விண்டோஸ் 10 என்னும் பணிசெயல் முறைமைக்கு மைக்ரோசொப்ட் நிறுவனம் அளித்துவந்த வழமையான ஆதரவு முடிவுற்றது. பழைய கணினிகள் பல விண்டோஸ் 11ஐ ஏற்கா. நன்றாக இயங்கும் பொருளை எறிய மனமில்லாதோர், 1991இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிவைத்த, விலையின்றிப் பெறத்தக்க லினக்சை நாடுகின்றனர். அவர்தங் கணினிகளில் பிள்ளைகளின் படங்களும், மறைந்த பெரியோரின் குரற்பதிவுகளும், நம்மனோர் ஆண்டுக்கணக்கிற் தட்டெழுதிச் சேர்த்த பாடக்குறிப்புகளும் உறைகின்றன. லினக்சை நிறுவுங்கால் இவையே பெரிதும் பலியாகின்றன. பழி லினக்சின்மேல் விழுகின்றது, காரணமோ வரம்பறியாமை.

வன்தட்டின் தொடக்கத்தில் சிறு பதிவேடொன்று உண்டு. இன்ன பகுதி இவ்விடந் தொடங்கி இவ்விடத்தில் முடியும் என்பதே அதன் செய்தி. பழைய எம்.பி.ஆர். முறையில் முதன்மைப் பகுதிகள் நான்குக்கு மேல் அமையா. இக்காலத்து ஜி.பி.டி. முறை வழக்கமாக 128 பகுதிகளுக்கு இடந்தருவதோடு, பதிவேட்டின் படியொன்றைத் தட்டின் இறுதியிலும் வைத்திருக்கும். காணி உறுதியின் பிரதியை வேறிடத்தில் வைத்திருக்கும் முன்யோசனைக்காரரை இது நினைவூட்டும். பதிவேடு சிதைந்தால், கோப்புகள் இருந்த இடத்திலேயே கிடப்பினும் கணினி அவற்றைக் காணாது. அந்நிலையில் டெஸ்ட்டிஸ்க் போன்ற கருவிகளால் மீட்டெடுத்தல் பலகாற் கூடும். அவ்விடத்தின்மேற் புதியன எழுதப்பட்டுவிடின் மீட்சி அரிது.

வரம்பிட்ட மாத்திரத்தில் பாத்தி பயன்படாது. தரையை மிதித்து இறுகச்செய்தல் வேண்டும். அவ்வாறே ஒவ்வொரு பகுதியையும் கோப்புகளை ஏற்குமாறு பண்படுத்துவர். இதனையே போர்மட் செய்தல் என்பர். விண்டோஸ் தன் பகுதியை என்.டி.எப்.எஸ். என்னும் அமைப்பிலும், லினக்ஸ் பெரும்பாலும் எக்ஸ்ட்4 என்னும் அமைப்பிலும் பண்படுத்தும். லினக்சிலிருந்து விண்டோஸ் பகுதியைப் படிக்கலாம், எழுதலாம். விண்டோசோ எக்ஸ்ட்4 பகுதியைக் கண்டால் தானாகத் திறக்க அறியாது, ‘போர்மட் செய்யட்டுமா?’ என்று கேட்பதும் உண்டு. அக்கேள்விக்கு ஆமெனல் ஆகாது.

புதியவரை மயங்கச்செய்வது பெயர் வேற்றுமை. விண்டோசில் சி, டி என ஒவ்வொரு பகுதிக்கும் ஓரெழுத்து வழங்கப் பழகியவர், லினக்சினுள் நுழைந்ததும் ‘டி எங்கே?’ எனத் தேடுவர். லினக்சில் எல்லாம் ஒரே மரம். ஒரு சாய்கோட்டாற் குறிக்கப்படும் வேரிலிருந்து கிளைகள் பிரியும். ஏனைய பகுதிகளும், நாம் செருகும் பென்ட்ரைவுங்கூட, அம்மரத்தில் ஒரு கிளையாகப் பொருத்தப்படும். தட்டுகளுக்கு எஸ்.டி.ஏ., எஸ்.டி.பி. என்றவாறு பெயர் வரும், எஸ்.டி.ஏ.1 என்றால் முதற்றட்டின் முதற்பகுதி. என்.வி.எம்.ஈ. எனத் தொடங்கும் நீண்ட பெயர் கண்டால் அது புதுவகைத் தட்டு. அதன் ஈற்றிலுள்ள எண்ணே பகுதியின் எண்.

இரு முறைமைகள் ஒரே தட்டில் வாழ்தல் புதுமையன்று. தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர் பெற்ற கணினிகளில் விண்டோசும், இந்தியாவின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பொஸ் லினக்சும் அருகருகே இருந்தன. கணினியை முடுக்கும்போது வேண்டியதைத் தெரிந்துகொள்ளலாம். நம் வீட்டிலும் அவ்வாறு செய்ய விரும்புவோர் முதலில் கோப்புகளை வேறொரு தட்டிற் படியெடுத்து, படியெடுத்தவை திறக்கின்றனவா என்றும் பார்த்துவிடல் வேண்டும். பின்னர் விண்டோசுக்குள் இருந்தபடியே அதன் பகுதியைச் சுருக்கி வெற்றிடம் உண்டாக்குதல் நன்று. உபுண்டு 25 கிகாபைட் கேட்கும். 50 கொடுப்பது தாராளம். விண்டோசின் விரைவுத் தொடக்க வசதியை நிறுத்துக. பிட்லொக்கர் பூட்டு இருப்பின் அதன் மீட்புத் திறவுகோலை ஒரு தாளில் எழுதிக்கொள்க.

லினக்சுக்கு எத்தனை பகுதி வேண்டும்? வேர்ப்பகுதி ஒன்று போதும். முடுக்கத்துக்குரிய சிறு பகுதி விண்டோஸ் உள்ள புதிய கணினியில் முன்னமே இருக்கும், அதனைப் போர்மட் செய்யாது பயன்கொள்ளலாம். மாற்றிடத்துக்கெனத் தனிப்பகுதி ஒதுக்கும் பழைய வழக்கம் இப்பொழுது கட்டாயமில்லை. ஒரு கோப்பே அவ்வேலையைச் செய்யும். ஆயினும் நம் சொந்தக் கோப்புகள் தங்கும் ‘ஹோம்’ என்பதைத் தனிப்பகுதியாக வைத்தலை நாம் வற்புறுத்துவோம். முறைமை பழுதுற்றோ, புதிய பதிப்பை விரும்பியோ மீளநிறுவ நேரின், வேர்ப்பகுதியை மட்டும் துடைத்தெழுதலாம். ஹோம் பகுதியைப் போர்மட் செய்யாது பொருத்தினாற் படங்களும் குறிப்புகளும் அவ்வண்ணமே இருக்கும். தட்டே பழுதாயின் இவ்வரம்பு காவாது. படியெடுத்தல் அப்பொழுதும் வேண்டும்.

நிறுவும் வேளையில் திரை பெரும்பாலும் மூன்று வழிகளைக் காட்டும். தட்டு முழுவதையும் அழித்து நிறுவுதல் ஒன்று, விண்டோசுடன் அருகிருத்துதல் ஒன்று, நாமே பகுதிகளை வகுத்தல் ஒன்று. முதலாவது அழிக்குமெனின் மெய்யாகவே அழிக்கும். படியெடுத்து வைத்த வெளித்தட்டை இதற்கு முன்னரே கழற்றிவிடல் வேண்டும். பெயர்கள் ஒத்திருத்தலின் ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளல் எளிது. எஞ்சிய தட்டுகளைக் கொள்ளளவால் இனங்காண்க: 500 கிகாபைட் என்பது கணினியினது, 16 என்பது நிறுவப் பயன்படும் பென்ட்ரைவ். எவ்வெப்பகுதி மாறப்போகின்றது என்னும் பட்டியலைக் கணினி இறுதியாகக் காட்டி இசைவு கேட்கும். அங்கே போர்மட் எனக் குறிக்கப்பட்ட வரிகளை ஒருமுறை வாய்விட்டு வாசித்துப் பார்த்தபின் விசையை அழுத்தலாம்.