ஃபேன் ஏன் இரைகிறது?

சிட்னி பாரமட்டாவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஒன்றுமே திறக்காமல் வைத்திருந்தாலும் லேப்டாப் ஃபேன் இரைகிறதாம். ஆன்ட்டிவைரஸ் மட்டும் 'ஒன்றுமில்லை' என்கிறதாம். நம்பலாமா என்கிறார்.

அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். ஆன்ட்டிவைரஸ் பெரும்பாலும் தெரிந்த முகங்களைத்தான் பிடிக்கும், புதியது நழுவிவிடலாம். ஆனால் எந்த வைரஸும் ப்ராசஸர், மெமரி, நெட்வொர்க் எதையாவது செலவழிக்காமல் வேலை செய்ய முடியாது. அந்தச் செலவில்தான் அது மாட்டும்.

கருவியின் நடத்தையும் அதைக் காட்டிக்கொடுக்கும். 2017 ஜூனில் விக்டோரியா மாநிலத்தில் வேகத்தையும் சிவப்பு விளக்கையும் கண்காணிக்கும் கேமராக்களில் வானாக்ரை என்ற வைரஸ் புகுந்தது; முதல் கணக்கில் 55 கேமராக்கள். அவை ஓயாமல் ரீபூட் ஆகிக்கொண்டிருந்தன. இத்தனைக்கும் அவை இணையத்தில் இல்லாதவை. பராமரிப்புக்கு வந்தவர் வழியாகத்தான் வைரஸ் ஏறியது. போலீஸ் முதலில் 590 அபராதங்களைத் திரும்பப் பெற்றது. வானாக்ரை நுழையும் விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. பொதுச் சாலையில் நிற்கும் கருவியை இப்படிக் கவனிக்காமல் விடுவது எனக்குப் பொறுக்கவில்லை. நம் வீட்டில் 'பிறகு நினைவூட்டு' என்று தள்ளிப்போடுவதும் அதே பழக்கம்தான்.

ஃபேன் இரைச்சலுக்கு ஒரு காரணம் கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரல். 2018 பிப்ரவரியில் விக்டோரியா நாடாளுமன்ற இணையதளத்தைத் திறந்தவர்களின் கணினிகள் யாருக்கோ மொனேரோ என்ற கிரிப்டோ நாணயத்தைத் தோண்டின. பார்வைக் குறையுள்ளவர்களுக்குப் பக்கத்தை வாசித்துக் காட்டும் நிரலில் யாரோ கைவைத்ததுதான் காரணம். அந்தப் பக்கத்தை மூடியதும் தோண்டலும் நின்றது.

கணினிக்குள்ளேயே குடியேறும் சில நிரல்கள் இன்னும் சாமர்த்தியமானவை. என்னை விட்டு அகலாத விந்தை இதுதான்: கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்ததும் அவை வேலையை நிறுத்திக்கொள்ளும். ப்ராசஸர் கணக்கு சட்டென்று இறங்கும். ஆனால் லேப்டாப்பின் அடிப்பாகத்தில் கை வைத்தால் சூடு அப்படியே இருக்கும், ஃபேனும் சிறிது நேரம் இரைந்துகொண்டிருக்கும். டாஸ்க் மேனேஜரை மூடினால் மறுபடி ஆரம்பம்.

என் அம்மா தெர்மாமீட்டரைத் தேடுவதற்கு முன்பே, தட்டில் மிஞ்சிய சோற்றைப் பார்த்துக் காய்ச்சலைச் சொல்லிவிடுவார். நாங்கள் தினமும் எவ்வளவு சாப்பிடுவோம் என்பது அவருக்குத் தெரியும். கணினிக்கும் அந்த வழக்கக் கணக்கு வேண்டும். விண்டோஸிலேயே உள்ள பெர்ஃபார்மன்ஸ் மானிட்டரில், எந்த நிரல் எவ்வளவு ப்ராசஸர் எடுக்கிறது என்பதை இரவு முழுக்கப் பதியவிட்டுக் காலையில் பாருங்கள். நள்ளிரவில் அப்டேட்டும் ஓடலாம். ஆகவே நிரலின் பெயரைப் பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள். பெயரே பிடிபடாத ஒன்று ராத்திரியெல்லாம் ஓடியிருந்தால் வைஃபையைத் துண்டித்துவிட்டு, வங்கிக் கடவுச்சொல்லை வேறொரு கணினியிலிருந்து மாற்றுங்கள்.