கேமரா முன் பேசக் கூச்சமா?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்த ஒருவர் நெசவைப் பற்றிப் புத்தகம் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடுவது முதல் கரையைத் தனியாகக் கோத்து நெய்யும் கோர்வைச் சேலைக்குத் துணை ஆள் கிடைக்காமல் திண்டாடுவது வரை எல்லாம் அதில் இருக்கிறது. சென்னையிலிருந்து ஒரு தொலைக்காட்சி காலை நிகழ்ச்சிக்கு அழைக்கிறது. “எனக்குப் பேச வராதுங்க, வேற யாரையாவது கூப்பிடுங்க” என்று சொல்லிவிடுகிறார். அந்த இடத்துக்கு வேறு யாரோ வந்து நெசவைப் பற்றிப் பேசிவிட்டுப் போகிறார், தறியில் உட்கார்ந்தே அறியாதவர். எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு.

காஞ்சிபுரத்துக்காரர் தயங்குவதற்குத் தனிக் காரணமும் இருக்கிறது. பேச்சு என்றால் இந்த ஊருக்கு அண்ணாதான் அளவுகோல். 1909-இல் இங்கே பிறந்து, 1942-இல் இங்கிருந்தே ‘திராவிட நாடு’ இதழைத் தொடங்கி, எழுத்தையும் மேடையையும் ஒருசேர ஆண்டவர். அந்த அடுக்குமொழியை நினைத்துக்கொண்டால் யாருக்கும் வாயடைத்துத்தான் போகும். ஆனால் அது திடலில் திரண்ட கூட்டத்துக்கான பேச்சு. தொலைக்காட்சியில் சட்டைக் காலரில் சின்ன மைக் ஒன்றைக் குத்துவார்கள். எதிரே கேள்வி கேட்க ஒருவர். பார்ப்பவரோ தன் வீட்டில், திரைக்கு நாலடி தள்ளி உட்கார்ந்திருக்கிறார். அங்கே மேடைக்குரல்தான் ஒட்டாது. தாழ்ந்த குரலில் யோசித்துப் பேசுகிறவருக்கு அது ஏற்ற இடம்.

பிரான்ஸில் ‘அபோஸ்த்ரோஃப்’ என்ற புத்தக நிகழ்ச்சி 1975 முதல் 1990 வரை வெள்ளிக்கிழமை இரவுகளில் ஒளிபரப்பானது. அதில் வந்த நாவலாசிரியர் பத்ரிக் மோதியானோவுக்குப் பேச்சு சுலபமாக வராது. ஒரு வாக்கியத்தைத் தொடங்குவார், பாதியில் விடுவார், வேறு சொல் தேடுவார். நேயர்கள் அந்தத் தடுமாற்றத்தோடேயே அவரை விரும்பினார்கள். 2014-இல் அவருக்கு இலக்கிய நோபல் கிடைத்தது. அதே நிகழ்ச்சிக்கு 1975-இல் வந்த விளாதிமிர் நபகோவ் கேள்விகளை முன்பே வாங்கிப் பதில்களை எழுதிக்கொண்டு வந்து, எதிரே அடுக்கிய புத்தகங்களின் மறைவில் வைத்துப் படித்தார். கேள்விகளை முன்கூட்டிக் கேட்பது தப்பே இல்லை.

நெஞ்சு படபடப்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்ற பயம்தான் பாதிக் கூச்சம். கென்னத் சவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 2003-இல் இதைச் சோதித்தார்கள். பேசுகிறவர் நினைக்கிற அளவுக்கு அவருடைய பதற்றம் கேட்பவர் கண்ணில் படுவதில்லை. இந்த உண்மையைச் சிலரிடம் முன்பே சொல்லிப் பேசவிட்டபோது, அவர்கள் சொல்லப்படாதவர்களைவிட நன்றாகவே பேசினார்கள். இதைப் படித்துவிட்ட உங்களுக்கும் அந்தப் பலன் உண்டு.

தயாரிப்பாளர் போனில் அழைக்கும்போதே நேரலையா பதிவா, எத்தனை நிமிடம் என்று கேட்டுவிடுங்கள். தொகுப்பாளர் உங்கள் புத்தகத்தைப் படித்திருக்காமல் இருக்கலாம். அதனால் முதல் கேள்வி அநேகமாக “புத்தகத்தைப் பத்திச் சொல்லுங்க” என்றுதான் வரும். அதற்குச் சுருக்கம் சொல்ல வேண்டாம். தீபாவளிக்கு முந்தைய வாரம் கோர்வைக்கு ஆள் இல்லாமல் பெரியம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து தறியில் உட்கார்ந்த கதை போல ஒன்று உங்களிடம் இருக்கும். அதைச் சொல்லுங்கள். செல்போனில் பதிந்து பார்த்துக்கொண்டால் எங்கே இழுக்கிறது என்று புரியும். பாவு, ஊடை, அச்சு என்று தறிச் சொற்களிலேயே பேசுங்கள், உடனே ஒரு வரியில் விளக்கிவிடுங்கள். நம் வட்டாரப் பேச்சை மாற்றிக்கொண்டு போனால் நாக்கும் மனசும் சேர்ந்தே தடுமாறும்.

தறி ஓடும் வீட்டில் வளர்ந்தவர்களுக்குக் குரல் தானாகவே கொஞ்சம் உயர்ந்திருக்கும். தொடங்கும் முன் ஒலிப்பதிவாளர் நாலு வார்த்தை பேசச் சொல்வார். அப்போதே இயல்பான குரலில் பேசினால் அதற்கேற்ப மைக்கைச் சரிசெய்துகொள்வார். தொகுப்பாளர் எதிரே இருந்தால் அவர் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள், கேமராவைத் தேட வேண்டாம். வீட்டிலிருந்தே வீடியோ அழைப்பில் பேசினால் மட்டும் லென்ஸைப் பார்க்க வேண்டும்.

உடையில் நம்மூர்க்காரர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். டிவிக்குப் போகிறோமே என்று அகல ஜரிகைச் சேலையைக் கட்டிக்கொண்டால், ஸ்டுடியோ விளக்கில் ஜரிகை பளீரிட்டு முகம் மங்கிவிடும். பொடிக்கட்டமும் நெருக்கமான கோடுகளும் திரையில் நெளிநெளியாக அலையும். பின்னால் பச்சைத் திரை கட்டிப் படம்பிடிக்கும் நிலையம் என்றால் கிளிப்பச்சை கூடவே கூடாது. உங்கள் உடை இருக்கும் இடத்தில் பின்னணிப் படம் வந்துவிடும். ஒரே நிறத்தில் சின்னக் கரை வைத்த சேலையோ சாதாரணச் சட்டையோ போதும்.

புத்தகத்தில் இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள், ஒன்று தொகுப்பாளருக்கு. பதிப்பகத்தின் பெயரையும் எங்கே கிடைக்கும் என்பதையும் நீங்களே ஒருமுறை வாயால் சொல்லிவிடுங்கள். ஒளிபரப்பு நாள் தெரிந்ததும், கையிருப்பில் பிரதிகள் போதுமா என்று பதிப்பாளரிடம் கேளுங்கள். நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போகிறவருக்கு அன்றே புத்தகம் கிடைக்க வேண்டும்.