தன் இனத்தைத் தளைக்கும் துணைவன்

மாலை வேளையில் பிள்ளைகள் கூடிக் கதை பேசுவதைக் கேட்பது நமக்கு ஒரு மகிழ்ச்சி. அண்மையில் அவர்கள் பேசியது ஒரு விந்தைக் கதை. குருதி குடிக்கும் பேய் ஒன்று, தன் பிறவியையே வெறுத்து, மனிதரோடு சேர்ந்துகொண்டு, தன் இனத்துப் பேய்களை வேட்டையாடப் புறப்படுகிறதாம். பிராம் ஸ்டோக்கர் என்னும் அயர்லாந்து நாட்டு ஆசிரியர் 1897-இல் ‘டிராகுலா’ என்ற நாவலை வெளியிட்டது முதல் மேலைநாட்டார் இவ்வகைக் கதைகளை ஓயாமல் புனைந்து வருகின்றனர். “இப்படி ஒன்று மெய்யாகவே உண்டா?” என்று ஒரு சிறுமி நம்மை வினவினாள். பேயின் கதை கிடக்கட்டும். விரும்பாமலே மனிதனோடு சேர்ந்து தன் இனத்தைப் பிடிக்கும் உயிர் ஒன்று உண்டு என்றோம். அதுவே கும்கி யானை.

நம் வாசலில் உள்ள காடு

அத்திபெலேயில் வாழும் நமக்கு யானை தொலைதூரத்துச் செய்தியன்று. நம்மவர் அத்திப்பள்ளி என்றழைக்கும் இவ்வூர், ஆனேக்கல் வட்டத்தில், இரு மாநிலங்களின் எல்லையில் இருக்கிறது. மேற்கே பன்னேர்கட்டாக் காடு. தெற்கே தளி, ஜவளகிரிக் காடுகள். அவற்றுக்கும் அப்பால் 2014-இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம். கேழ்வரகு முற்றும் பருவத்தில் யானைக் கூட்டங்கள் பன்னேர்கட்டாவிலிருந்து ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை வழியாக ஓசூர் அருகேயுள்ள சானமாவு வரை நடக்கின்றன. மாநில எல்லையும் சுங்கச் சாவடியும் அவற்றிற்குத் தெரியா. ஒரே இரவில் ஓராண்டு உழைப்பை இழந்த உழவனின் கண்ணீரும் பொய்யன்று; வழி மறிக்கப்பட்ட யானையின் பசியும் பொய்யன்று. இவ்விரண்டிற்கும் இடையில் கொண்டுவந்து நிறுத்தப்படுவதே கும்கி.

உதவி எனும் பெயர்

‘குமக்’ என்னும் பாரசீகச் சொல்லுக்கு உதவி என்பது பொருள். கும்கி என்ற பெயர் அதிலிருந்து வந்தது. அதன் பணி எளிதன்று. ஊருக்குள் புகுந்த யானையை இரண்டு மூன்று கும்கிகள் சூழ்ந்து நிற்கும். கால்நடை மருத்துவர் மயக்க ஊசியைத் துப்பாக்கி வழியே செலுத்துவார். காட்டு யானை தள்ளாடும்போது கும்கிகள் இருபுறமும் நெருக்கி நின்று, அது கீழே விழாமலும் திமிறி ஓடாமலும் காக்கும். பாகர்கள் கயிறு பூட்டுவர். பின்பு தும்பிக்கையாலும் நெற்றியாலும் தள்ளி லாரியில் ஏற்றுவதும் கும்கியே. இவ்வேலையை மனிதர் மட்டும் செய்ய இயலாது. யானையை அடக்க யானைதான் வேண்டும்.

இக்கலை நமக்குப் புதியதன்று. யானையைக் குழியில் வீழ்த்திப் பிடித்ததைச் சங்க நூல்கள் பேசுகின்றன. பகைவர் சிறையினின்று மீண்ட கரிகாலனை, குழியின் கரையைக் குத்தித் தூர்த்து வெளியேறித் தன் பிடியிடம் சேர்ந்த களிற்றுக்குப் பட்டினப்பாலை ஒப்பிடுகிறது. விடுதலை வேட்கைக்குப் புலவன் கண்ட உவமை யானையே என்பது எண்ணத்தக்கது.

சின்னத்தம்பியின் கதை

கோவை தடாகம் பகுதியில் திரிந்த சின்னத்தம்பி என்னும் யானையை 2019 ஜனவரியில் பிடித்து டாப்சிலிப் காட்டில் விட்டார்கள். சில நாட்களுக்குள் அது மலையிறங்கி, உடுமலைப் பக்கத்துக் கரும்புத் தோட்டங்களுக்கு வந்துவிட்டது. அதைக் கும்கியாக்கக் கூடாதென்று மக்கள் குரல் எழுப்பினர். வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்றது. இறுதியில் பிப்ரவரியில், கலீம், சுயம்பு என்னும் கும்கிகளைக் கொண்டு மீண்டும் பிடித்தனர். தன்னைப் பிடிக்க வந்த கும்கிகளோடு சின்னத்தம்பி தும்பிக்கை கோத்து விளையாடியதாக அன்றைய செய்திகள் கூறின. வந்தது உறவு என்று அது எண்ணியது போலும்!

வரகளியாற்றில் பருமரங்களால் கட்டிய கரோல் என்னும் கூண்டில் சில மாதங்கள் கிடந்து, பாகனின் சொல்லுக்குப் பழகி, சின்னத்தம்பியும் கும்கியாயிற்று. 2023 பிப்ரவரியில், நமக்கு அண்மையிலுள்ள பாலக்கோட்டில் தந்தமில்லாத மக்னா ஒன்றைப் பிடிக்க அதனையே அழைத்து வந்தனர். பிடிபட்ட மக்னாவும் டாப்சிலிப் காட்டில் விடப்பட்டது. அதுவும் அங்குத் தங்காமல் கோவை நகர் வரை நடந்து, அதே மாதத்தில் மறுபடியும் பிடிபட்டது. நான்கு ஆண்டுகளுக்கு முன் தான் பட்டதையே மற்றொன்று படக் கருவியாய் நின்ற சின்னத்தம்பியின் உள்ளத்தில் என்ன ஓடியிருக்கும்?

சின்னத்தம்பியைப் பிடித்த கலீமும் ஒரு காலத்தில் காட்டிலிருந்து கொணரப்பட்டதே. 99 பணிகளில் பங்கேற்று, 2023 மார்ச்சில் மரியாதையோடு ஓய்வு பெற்றது. கன்னட நாட்டு அர்ஜுனாவுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. 1968-இல் காக்கனகோட்டைக் கெட்டாவில் பிடிபட்ட அக்களிறு, 2012 முதல் 2019 வரை எட்டு முறை மைசூர்த் தசராவில் பொன் அம்பாரி சுமந்தது. 2023 டிசம்பர் 4 அன்று ஹாசன் மாவட்டத்தில், மதம் கொண்ட காட்டு யானையோடு பொருது உயிர் விட்டது. மனிதருக்காகத் தன் இனத்தோடு போரிட்டு மாண்ட அதற்காகக் கர்நாடகமே கண்ணீர் வடித்தது.

நாம் கொள்ள வேண்டியது

புலம்பெயர்ந்தோராகிய நமக்கு இக்கதை அயலானதா? இலங்கைக்கும் மலாயாவுக்கும் நம் முன்னோரைத் திரட்டிச் சென்ற கங்காணியும் நம்மவனே. தோட்டத்தில் அவர்களை வேலை வாங்கியவனும் அவனே. இன்று ஆலைகளில் நம் ஊராரை மேய்க்கும் மேற்பார்வையாளர் பலரும் நம் ஊராரே. கடுமையாய் இருந்தால் சொந்தக்காரன் சபிப்பான். இரங்கினால் முதலாளி விரட்டுவான். ஆயினும் மனிதனுக்கு ஒன்று உண்டு: வாய் திறந்து, “இது தகாது” என்று சொல்லலாம். யானைக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆதலால் கும்கியைத் துரோகி என்பது அறியாமை. வெறும் வீரன் என்று கைதட்டுவதும் அறியாமையே.

கும்கிக்கு வேலை குறைவதே அதற்கு நாம் செய்யும் நன்றி. அது நம்மால் ஆகாததன்று. வீட்டு மனை வாங்குவோர், அது யானை வழியில் உள்ளதா என்று வனத்துறையினரிடம் கேட்டறிதல் வேண்டும். யானை வந்த செய்தி கேட்டதும் கைப்பேசியுடன் கூட்டமாய் ஓடுதல் கூடாது. கூட்டத்தின் கூச்சலே யானையை வெருட்டி உயிர்ச்சேதம் விளைக்கும். சொந்த ஊரில் நிலமுள்ளோர் வேலியில் திருட்டு மின்சாரம் பாய்ச்சுவதை அறவே விலக்க வேண்டும். 2023 மார்ச்சில் மாரண்டஹள்ளி அருகே அத்தகைய வேலியில் 3 யானைகள் மடிந்ததையும், 2 குட்டிகள் தனித்து நின்றதையும் நாம் மறக்கலாகாது.

கேள்வி கேட்ட சிறுமியிடம் இவ்வளவும் சொன்னோம். அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “சின்னத்தம்பிக்கு இன்னும் தடாகம் நினைவிருக்குமா?” என்றாள். பிறந்த மண்ணை விட்டு வந்த நாம் அவளுக்கு என்ன விடை கூறுவது? இருக்கும், அம்மா, இருக்கும் என்றோம்.