பட்டாளமில்லா மன்றங்களின் குரல்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலச் சட்டமன்றத்திடம் பட்டாளம் இல்லை. அயல்நாடுகளோடு உடன்படிக்கை செய்யும் அதிகாரமும் இல்லை. அவையெல்லாம் வாஷிங்டனின் கையில். ஆயினும் 2014-இல் அம்மன்றம் தீர்மானம் ஒன்றை நிறைவேற்றிற்று. யாருக்காக? கடல் கடந்த நகோர்னோ-கராபாக் மக்களின் சுயநிர்ணய உரிமைக்காக! ரோட் ஐலண்டும் மாசசூசெட்ஸும் 2012-இலேயே குரல் கொடுத்துவிட்டன.

அசர்பைஜானின் எல்லைக்குள் இருப்பது அந்த மலைநாடு. அங்கு வாழ்ந்தோரில் பெரும்பாலோர் ஆர்மீனியர். அதற்காகவே ஆர்மீனியாவும் அசர்பைஜானும் மோதிக்கொண்டன.

“மாநில மன்றத்துக்கு இந்த வேலை ஏன்?” என்று கேட்பவர் கேட்கட்டும். நாம் கேட்கமாட்டோம். கலிபோர்னியாவில் ஆர்மீனிய வழிவந்தோர் ஏராளம். வாக்களித்தவன் நெஞ்சம் பதறும்போது, அவன் அனுப்பிய உறுப்பினர் வாய்மூடிக் கிடப்பதா?

ஆனால் நடந்தது என்ன? 2020-இல் 44 நாள் போர். இருபுறமும் ஆயிரக்கணக்கில் மாண்டனர். 2022 டிசம்பரில் லாச்சின் பாதை அடைபட்டது. உணவும் மருந்தும் அருகின. 2023 செப்டம்பரில் அசர்பைஜான் படை பாய்ந்தது. மறுநாளே சண்டை ஓய்ந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்மீனியர் வீடு வாசலைத் துறந்து வெளியேறினர். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவவில்லை!

அப்படியானால் தீர்மானம் வீணா? வீணல்ல, குறையுடையது. அது ஒரு தரப்பின் பக்கம் மட்டுமே நின்றது. 1994-இல் ஓய்ந்த முதல் போரில் வீடிழந்த அசர்பைஜானியர் ஐந்து லட்சத்துக்கும் மேல். 1993-இல் வீழ்ந்த அக்டம் நகரம் ஆளற்ற இடிபாடாயிற்று. அந்தத் தாய்மாரின் கண்ணீர் மட்டும் கரிக்காதா? ஒரு பக்கத்துக் கண்ணீரை மட்டும் எண்ணுகிறவன் வழக்கறிஞனாகலாம். சமாதானத் தூதனாக முடியாது.

2025 ஆகஸ்ட் 8-இல் வாஷிங்டனில், இருநாட்டுத் தலைவர்களின் முன்னிலையில், அமைதி உடன்படிக்கையின் வாசகத்தில் வெளியுறவு அமைச்சர்கள் சுருக்கொப்பமிட்டனர். வரவேற்கிறோம்! துப்பாக்கி ஓய்ந்தால் பிழைப்பவன் ஏழை வீட்டுப் பிள்ளைதான். ஆனால் வீட்டைப் பூட்டிச் சாவியோடு வந்தவன் என்று திரும்புவான்? 1993-இல் ஓடியவனுக்கும் 2023-இல் ஓடியவனுக்கும் கேள்வி ஒன்றே.

அதைக் கேட்கப் பட்டாளம் வேண்டாம், நேர்மை போதும். மன்றங்கள் கேட்கட்டும்! இருவருக்காகவும் கேட்கட்டும்! விடை வரும்வரை கேட்கட்டும்!