கந்தல் துணியும் கலைக்கூடமும்

ஓர் ஆடை பழையதாகும்போது அதன் எல்லாப் பகுதிகளும் ஒரே நேரத்தில் நைந்துபோவதில்லை. உழைப்பவரின் காற்சட்டை முதலில் முழங்காலில் தேயும். சட்டை கழுத்துப்பட்டையிலும் முழங்கையிலும் கிழியும். முதுகுப்பகுதியும் சட்டைப்பைக்கு அடியிலுள்ள துணியும் நெடுநாள் உறுதி குன்றாமல் இருக்கும். இவ்வாறு எஞ்சியவற்றை இணைத்துப் போர்வையாக்கும் வழக்கம் உலகின் பல பகுதிகளில் உண்டு. வங்காளப் பெண்கள் பழைய புடவைகளை அடுக்கி, புடவைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைக்கும் ‘காந்தா’ நாடறிந்தது. நம் ‘கந்தை’யும் அந்தக் ‘காந்தா’வும் சொல்லளவில் உறவுடையவை.

கந்தைப் போர்வையை வறுமையின் அடையாளமாகவே பலரும் கருதுவர். வறுமை அதற்குத் துணியைத் தருகிறது என்பது உண்மையே. ஆனால், எந்தத் துண்டின் அருகில் எந்தத் துண்டை வைப்பது என்பதை வறுமை முடிவுசெய்வதில்லை, தைப்பவரே முடிவுசெய்கிறார். அமெரிக்காவின் சிற்றூர் ஒன்றின் வரலாறு இதனைத் தெளிவாகக் காட்டும்.

ஆறு வளைந்த இடம்

அலபாமா மாநிலத்தில் அலபாமா ஆறு வளைந்து திரும்பும் இடத்தில், மூன்று புறமும் நீர் சூழ அமைந்தது ஜீஸ் பெண்ட். ‘ஜீயின் வளைவு’ என்பது அப்பெயரின் பொருள். 1816 இல் ஜோசப் ஜீ என்பவர் இங்குப் பருத்திப் பண்ணை அமைத்தார். 1845 இல் அது மார்க் பெட்வே என்பவரின் கைக்கு மாறியது. அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களுக்குப் பண்ணையாரின் குடும்பப்பெயரே பெயராயிற்று. இன்றும் அவ்வூரில் பலர் ‘பெட்வே’ என்னும் பெயரைத் தாங்குகின்றனர்.

அடிமைமுறை ஒழிந்த பின்னரும் நிலம் அவர்களுக்கு வரவில்லை. குத்தகை உழவர்களாகவே தொடர்ந்தனர். 1932 இல், கடன் கொடுத்திருந்த வணிகர் இறந்ததும் அவருடைய குடும்பத்தார் ஆள்களை அனுப்பி, கால்நடைகள், ஏர்க்கருவிகள், உணவுப்பொருள்கள் என அகப்பட்ட யாவற்றையும் கவர்ந்து சென்றனர். அக்குளிர்காலத்தை ஊர்மக்கள் கடந்தது செஞ்சிலுவைச் சங்கம் அளித்த உணவால்தான். மரக்கட்டை வீடுகளின் இடுக்குகள் வழியே குளிர்காற்று புகும். சுவரில் செய்தித்தாள்களை ஒட்டினர். படுக்கையில் போர்வைமேல் போர்வை இட்டனர். ஆகவே, போர்வை அங்கு அழகுப்பொருளாகப் பிறக்கவில்லை.

தைக்கும் முறை

இத்தகைய போர்வைக்கு மூன்று அடுக்குகள் உண்டு. துண்டுகளை இணைத்து அமைப்பது மேலடுக்கு. நடுவில் பஞ்சு. அடியில் முரட்டுத்துணி; ஜீஸ் பெண்டில் இதற்கு மாவுச்சாக்கும் உரச்சாக்கும் பயன்பட்டன. பஞ்சரைவை ஆலையின் தரையில் சிதறிய பஞ்சைக் கூட்டி எடுத்து, குச்சியால் அடித்துத் தூசு நீக்கி நடுவில் பரப்பினர். மூன்று அடுக்குகளையும் ஊடுருவிச் செல்லும் நெருக்கமான ஓட்டுத்தையலே போர்வைக்கு உயிர்நாடி. அஃது இல்லாவிடில் பஞ்சு ஒருபுறம் ஒதுங்கித் திரளும். மறுபுறம் குளிர் நுழையும். மேலடுக்கைத் தனியே இருந்து அமைப்பதும், சட்டத்தில் விரித்தபின் பலர் கூடி அமர்ந்து தைப்பதும் அவ்வூர்ப் பெண்களின் வழக்கம்.

அவர்கள் மிகுதியும் கையாண்ட அமைப்பு ‘வீட்டுக்கூரை’. நடுவில் ஒரு சதுரத்தை வைத்து, அதன் நாற்புறமும் பட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டே செல்ல வேண்டும். சுற்று விரிய விரியப் பட்டையின் நீளமும் கூடும். பாதியில் நீலத்துணி தீர்ந்துவிட்டால் என்ன செய்வது? இருக்கும் சிவப்பை ஒட்டி நீளத்தை நிறைவுசெய்ய வேண்டும். நீலம் தீர்ந்தது தற்செயல். அதன்பின் எதிர்ப்புறத்திலும் சிவப்பை வைப்பதா, வேண்டாமா என்பது தைப்பவரின் தேர்வு. ஒரு பட்டை கோணலானால் அதைப் பிரிக்காமல், அடுத்த பட்டையின் அகலத்தைக் கூட்டியோ குறைத்தோ சரிக்கட்டுவர். அளவுகோலால் வரைந்த வடிவத்தில் இல்லாத ஓர் அசைவு இதனால் போர்வைக்குக் கிட்டுகிறது.

இதனைத் தைக்க முயல்வோர் சிலவற்றை அறிந்திருத்தல் நலம். புதுத்துணி துவைத்தபின் சுருங்கும் இயல்புடையது. எனவே, முன்னரே நனைத்து உலர்த்திவிட வேண்டும். தடித்த டெனிமை மெல்லிய பருத்தித்துணியோடு இணைத்தால் தையலோரத்தில் மெல்லியது கிழியும். மூலைவாட்டாக வெட்டிய துண்டு இழுத்தால் நீளும். நேரிழையில் கிழித்த துண்டு அவ்வளவு நீளாது. நிறப்பொருத்தம் குறித்துப் பலரும் அஞ்சுவர். உண்மையில், நிறத்தைவிட வெளிர்மை கருமை வேறுபாடே வடிவத்தைப் புலப்படுத்துகிறது. துண்டுகளைத் தரையில் பரப்பி, கண்களைச் சற்றே இடுக்கிப் பார்த்தால் இவ்வேறுபாடு தெளிவாகும்.

ஒரு மனைவியின் போர்வை

1942 இல் மிசௌரி பெட்வே தைத்த போர்வையை இங்குச் சிறப்பாகக் குறிப்பிட வேண்டும். கணவர் மறைந்தபின், அவர் வயலில் உடுத்த ஆடைகளைக் கொண்டே அதனை அமைத்தார். கணவரின் நினைவாக அதனைப் போர்த்திக்கொள்ள வேண்டும் என்று தாய் கூறியதை மகள் அர்லோன்சியா பிற்காலத்தில் எடுத்துரைத்துள்ளார். உழைப்பாடைகளால் ஆன போர்வைகளில் வெயிலில் வெளுத்த நீலத்தின் நடுவே, பை பிரிக்கப்பட்ட இடம் மட்டும் அடர்நீலமாக நிற்பதைக் காணலாம். அந்த நிறத்தை எந்தச் சாயப்பட்டறையும் தந்துவிட முடியாது.

சந்தையும் கலைக்கூடமும்

1960களில் ஊர்மக்கள் வாக்குரிமைக்காகப் போராடினர். ஆற்றுக்கு அக்கரையிலுள்ள கேம்டன் நகரில்தான் வாக்காளராகப் பதிய இயலும். 1962 இல் படகுப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. சில நிமிடங்களில் கடந்த தொலைவுக்குச் சாலைவழியே ஒரு மணி நேரமாயிற்று. 1965 இல் மார்ட்டின் லூதர் கிங் அவ்வூருக்கு வந்து பேசினார். மறு ஆண்டு, சுற்றுவட்டாரப் பெண்கள் இணைந்து ‘ஃப்ரீடம் குவில்டிங் பீ’ என்னும் கூட்டுறவு அமைப்பைத் தொடங்கினர். நியூயார்க்கில் போர்வைகள் விற்பனையாயின.

பெரிய கடைகள் ஒரே அளவு, ஒரே வடிவம், ஒரே நிறம் எனக் கேட்டன. கேட்டபடி தைத்ததால் வருவாய் வந்தது; கோணலுக்கும் தேர்வுக்கும் இடமில்லாமற் போயிற்று. 1972 இல் சியர்ஸ் நிறுவனத்திற்குக் கார்டுராய்த் துணியில் தலையணை உறைகள் தைக்கும் பணி கிடைத்தது. வெட்டியது போக மீந்த துண்டுகளைப் பெண்கள் வீட்டுக்குக் கொண்டுசென்றனர். உறைகளை இன்று எவரும் நினைவில் வைத்திருக்கவில்லை. அம்மீதித் துண்டுகளால் ஆன போர்வைகளோ பின்னாளில் கலைக்கூடச் சுவர்களில் ஏறின.

2002 இல் ஹூஸ்டன் நுண்கலைக் காட்சியகத்திலும் பின்னர் நியூயார்க் விட்னி காட்சியகத்திலும் அவை காட்சிப்படுத்தப்பட்டன. திறனாய்வாளர்கள் நவீன ஓவியங்களோடு அவற்றை ஒப்பிட்டுப் போற்றினர். அவ்வொப்பீடு முற்றிலும் பொருந்தாது. ஓவியர் வேண்டிய வண்ணத்தைக் கலந்துகொள்வார். இவர்களுக்கோ, யாருடைய காற்சட்டை எப்போது கிழிகிறது என்பதைப் பொறுத்தே வண்ணம் அமைந்தது. 2006 இல் பத்துப் போர்வைகளின் வடிவங்கள் அமெரிக்க அஞ்சல்தலைகளாயின. நின்றுபோன படகும் அவ்வாண்டிலேயே மீண்டும் ஓடத் தொடங்கியது. தங்கள் உழைப்புக்கு உரிய பங்கு வரவில்லை எனப் போர்வை தைத்த பெண்கள் மூவர் 2007 இல் வழக்குத் தொடுத்தனர். மறு ஆண்டில் அவ்வழக்குகள் முடித்துக்கொள்ளப்பட்டன. 2015 இல் மேரி லீ பெண்டால்ஃப், லூசி மிங்கோ, லொரெட்டா பெட்வே ஆகியோர் நாட்டின் மரபுக்கலைஞர்களுக்கான உயரிய சிறப்பைப் பெற்றனர்.

காட்சியகத்தில் போர்வை சுவரோடு சேர்த்துத் தொங்கவிடப்படுவதால், மேலடுக்கு மட்டுமே பார்வையாளருக்குத் தெரியும். மாவுச்சாக்கால் ஆன அடித்துணி சுவரைப் பார்த்தபடி இருக்கும்.