லாரி எப்படி நின்றது?

பழைய டீசல் லாரி ஒன்று ஓட்டத்தில் நின்றுவிடுகிறது. டேஷ்போர்டில் சார்ஜ் விளக்கு எரிகிறது. பேட்டரி போச்சு, டைனமோ போச்சு என்று பட்டறையில் பேச்சு ஆரம்பிக்கும். ஆனால் டைனமோவைச் சுற்றுவதே எஞ்சின்தான். எஞ்சின் நின்றால் சார்ஜும் நிற்கும். சாவி ஆனில் இருப்பதால் விளக்கு எரிந்தே தீரும். நாலைந்து முறை செல்ஃப் அடித்துப் பார்த்ததில் பேட்டரி இறங்கியிருந்தால் அந்தச் சந்தேகம் இன்னும் கெட்டிப்படும். இப்படி டீசல் வழியில் பிறந்த கோளாறு மின்கோளாறு வேஷம் போட்டு நிற்பது பழைய வண்டிகளில் சகஜம். இதில் விளக்கைவிட நம்பகமான சாட்சி, வண்டி எப்படி நின்றது என்பது. அதைக் கவனித்திருக்கக் கூடியவர் ஓட்டுநர். அவரைத்தான் முதலில் டீ குடிக்க அனுப்பிவிடுகிறார்கள்.

நின்ற விதத்துக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை ஏறக்குறைய 16 முதல் 20 மடங்கு அழுத்தும்போது அதன் வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. அதில் பீய்ச்சப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. பழைய டாடா, லேலண்ட் லாரிகள் பலவற்றில் டீசலைப் பீய்ச்ச இருந்தது மைக்கோ இன்லைன் பம்ப் (1951-ல் தொடங்கிய மைக்கோதான் இன்றைய பாஷ்). அந்தப் பம்பை ஓட்டுவது எஞ்சினின் பல்சக்கரம், மின்சாரம் அல்ல. நிறுத்துவதற்குக்கூட ஓட்டுநர் ஒரு கேபிளை இழுப்பார். அத்தகைய வண்டி ஒருமுறை கிளம்பிவிட்டால் பேட்டரி இல்லாமலும் ஓடும். அதற்காக ஓடும் எஞ்சினில் பேட்டரி ஒயரைக் கழற்றிச் சோதிக்கக் கூடாது. டைனமோவின் (சரியாகச் சொன்னால் ஆல்டர்னேட்டரின்) டயோடுகள் எரிந்துபோகலாம்.

மின்சாரம் குறுக்கே வரும் இடம் ஒன்று உண்டு. ரோட்டரி பம்ப் வைத்த வண்டிகளில் ஸ்டாப் சொலினாய்டு என்ற சிறு மின்வால்வு இருக்கும். கரண்ட் இருக்கும்வரை டீசல் வழி திறந்திருக்கும், கரண்ட் போனால் மூடிக்கொள்ளும். ஆகவே சாவியைத் திருப்பி அணைத்ததுபோல வண்டி சட்டென்று செத்தால் முதல் சந்தேகம் இங்கே. சொலினாய்டைக் கழற்றி எறிவதற்கு முன், பேட்டரியிலிருந்து பியூஸ் வழியாகத் தனி ஒயர் ஒன்றை அதற்குக் கொடுத்து ஓட்டிப் பார்க்கலாம் (எஞ்சினை அணைக்க அந்த ஒயரைப் பிடுங்க வேண்டும் என்பது நினைவிருக்கட்டும்). வண்டி நிற்காமல் ஓடினால் பம்பும் சொலினாய்டும் நல்லவை; குற்றம் சாவி ஸ்விட்ச், பியூஸ் பெட்டி, சேஸிஸில் உரசித் தேய்ந்த ஒயர் ஆகியவற்றில் ஒன்றில் இருக்கிறது. எர்த்தையும் அளக்க வேண்டும். 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்த லாரியில், வண்டி சும்மா நிற்கையில் மீட்டர் 25 வோல்ட் காட்டுவதால் பெரிதாக எதுவும் தெரியாது. செல்ஃப் சுற்றும்போது பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் துருவோ பெயிண்டோ படிந்த எர்த் போல்ட்டைத் தேடலாம்.

மாறாக வண்டி திணறி, ஆர்பிஎம் ஏறி இறங்கி, இழுவை குறைந்து நின்றிருந்தால் பாதை டீசல் டேங்க்குக்குப் போகிறது. டேங்க்கிலிருந்து ஃபீட் பம்ப் வரையுள்ள குழாயில் பம்ப் டீசலை உறிஞ்சுகிறது. அதில் விரிசல் இருந்தால் எஞ்சின் ஓடும்போது டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். அதனால்தான் ஈரமே இல்லாத குழாயைப் பார்த்து ‘லீக் இல்லை’ என்று பலர் ஏமாறுகிறார்கள். ஒரு துண்டு கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் டியூபை நடுவில் பொருத்தினால் குமிழிகள் கண்ணுக்குத் தெரியும். அரைமணி ஓடி நின்று, சற்று ஓய்வுக்குப் பின் கிளம்பினால் டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கலாம்; மூடியைத் திறந்தால் உஸ்ஸென்று காற்று இழுக்கும். எதிலும் பிடிபடாவிட்டால் தனி கேனில் டீசல் வைத்துப் புதுக் குழாயில் ஓட்டிப் பார்த்தால், கோளாறு டேங்க் பக்கமா பம்ப் பக்கமா என்பது தெரிந்துவிடும்.

இப்படி அளந்துகொண்டிருக்க நேரம் எங்கே, அனுபவம் உள்ளவர் பார்த்ததுமே சொல்லிவிடுவாரே என்பார்கள். நல்ல மெக்கானிக் அப்படிச் சொல்வது உண்மைதான். ஆனால் அவர் முதலில் வண்டி நின்ற விதத்தைத்தான் கேட்டிருப்பார். நின்ற விதமே ஏமாற்றலாமே என்ற மறுப்புக்கு வலு அதிகம். பம்பை ஓட்டும் இணைப்பு உடைந்தாலும் வண்டி சட்டென்றுதான் நிற்கும். அப்போது நாசில் குழாயின் நட்டைத் தளர்த்திச் செல்ஃப் அடித்தால் டீசல் வராது, சொலினாய்டுக்குக் கரண்ட் இருந்தும் வராது. லூஸான ஒயர் வண்டியைத் திணறவும் வைக்கும். கூடவே டேஷ்போர்டின் முள்கள் துள்ளுவதை வைத்து அதைப் பிரித்தறியலாம். கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் இயங்கும் காமன்ரெயில் லாரிகளுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே ஒவ்வொரு நாசிலும் மின்சாரத்தால் திறப்பதால், ஒரு சென்சார் ஒயர் அறுந்தாலே வண்டி நின்றுவிடக்கூடும். ஸ்கேனர் இல்லாமல் அதைத் தொடுவது வீண்.